படித்தவர் அழிக்க வேண்டும்

அந்த வீட்டில் சண்டை சத்தம் போடாது, தட்டும். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் பாத்திரம் உருளும், பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். இந்தச் சலவைக் கடையில் அதற்கு வழியே இல்லை. முன்னறை கடை, நடுவறையில் தேய்க்கிற மேஜை, பின்னறையில் கொதிகலன், அதை ஒட்டி இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத ஒரு சமையலறை. கடையும் இதுதான், வீடும் இதுதான். காலை ஆறு மணியிலிருந்து கடை சாத்தும் வரை முன்னால் யாராவது ஒரு வாடிக்கையாளர் நின்றுகொண்டே இருப்பார். "ஊர்த் துணியைத்தான் இங்க வெளுக்கணும், நம்ம துணியை இல்லை" என்று அப்பா ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து வந்ததிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று அம்மா கேலி செய்வாள்.

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த மனிதர். ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் துணிச்சீட்டு நம்பர் பதிவதற்கென்று தூக்கி வந்தார். அப்போதே அது கிழடு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, அம்மிக்கல் கனத்தில் ஒரு பெட்டி, அழுத்தினால் பக்கத்து டீக்கடை வரை கேட்கிற கீபோர்டு. சீட்டு நம்பர் பதிய ஆரம்பித்தவர் மெல்ல மெல்ல மனதில் இருப்பதையும் அதிலேயே தட்ட ஆரம்பித்தார். கோபம் வந்தால் போய்த் தட்டுவார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து படிப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு பதில் தட்டுவாள். உன் தம்பி வந்து இன்னும் எத்தனை நாள் இருப்பான், நேற்று அந்தப் பட்டுச் சேலையைச் சுட்டது நானா நீங்களா, எல்லாம் அங்கேதான் நடந்தது. அதற்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. படித்தவர் அழிக்க வேண்டும். பிள்ளை கண்ணிலோ வாடிக்கையாளர் கண்ணிலோ பட்டுவிடக் கூடாது. அழிந்திருந்தால் படித்தாகிவிட்டது என்று மற்றவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மகள் அந்தத் தட்டல் சத்தத்தில் வளர்ந்தவள். மேஜைக்கு அடியில் துணி மூட்டை மேல் படுத்துக்கொண்டு, தட்டுகிற வேகத்தை வைத்தே இன்றைக்கு யாருக்குக் கோபம் என்று சொல்லிவிடுவாள்.

அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, விடாமல் மழை பெய்த ஒரு காலையில், அப்பா லாட்ஜ் விரிப்புகளை மூன்று சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு போனார். திரும்பவில்லை. வண்டி பாலத்தின் அந்தப் பக்கம் ஒரு சக்கரம் தண்ணீரில் இருக்கச் சாய்ந்து கிடந்தது. விரிப்புகளையும் காணோம், ஆளையும் காணோம். ஊரில் பாதிப் பேர் ஆறு கொண்டுபோய்விட்டது என்றார்கள். மீதிப் பேர் பேருந்து நிலையத்தில் அவரை மாதிரியே ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அம்மா இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மதியம் கொதிகலனை அணைத்ததும் போய் உட்கார்ந்து அவருக்கு ஒரு கடிதம் தட்டினாள். அதற்கு அடுத்த நாளும் தட்டினாள். பதினோரு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் தவறவில்லை. எழுதியதில் ஒன்றையும் அழிக்கவும் இல்லை. கேட்டால், "படிக்கறவங்கதானே அழிக்கணும்? அவர் இன்னும் படிக்கலையே" என்பாள்.

இந்த வருஷ மழையில்தான் பதில் வர ஆரம்பித்தது.

முதல் நாள் அம்மா கூப்பிட்ட குரலைக் கேட்டு, கொதிகலன் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓடினாள் மகள். அம்மா திரையின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதி மூடிய கடிதத்தை, எழுத்துப் பிழை பார்ப்பதற்காக மறுபடி திறந்தாளாம். 'இன்னிக்கும் மழை. லாட்ஜ் துணி காயலை. பின்னறையில் கொடி கட்டி இருக்கோம்' என்று அம்மா எழுதியது இருந்தது. அதோடு அந்தக் கடிதம் முடிய வேண்டும். முடியவில்லை. இடைவெளிகூட இல்லாமல் ஒட்டிக்கொண்டு இன்னொரு வரி இருந்தது.

'ன்னு சொன்னா நீ அழுவே. அதான் தட்டறேன். மழை விடட்டும்னு பாத்தேன், விடலை.'

"நான் இதை எழுதலைடி" என்றாள் அம்மா. "உன் மேல சத்தியமா நான் எழுதலை."

மகள் அந்த வரியை மறுபடி படித்தாள். வாக்கியத்துக்கு வாக்கியம் 'அதான்' போடுகிற பழக்கம் அந்த வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. மகள் கொதிகலனுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்று விரிப்புகளை உதறும்போதெல்லாம் திரை இருக்கிற மூலையைப் பார்க்காமல் இருக்கப் பழகினாள். துணி காயாத நாட்கள். கொடிகளில் வரிசையாகத் தொங்கிய வெள்ளை விரிப்புகளை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும், எந்த விரிப்புக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அம்மாவோ பத்து வயது குறைந்தவள்போல் ஆகிவிட்டாள். தலை சீவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நான்காம் நாள் வந்த வரியைப் படித்துவிட்டு மகள் சாப்பிடவே இல்லை. 'பாப்பாவுக்கு இப்போ சொல்ல வேண்டாம்' என்று இருந்தது. பாப்பா என்பது அவள்தான்.

ஒன்பதாம் நாள் கடிதத்தை மூடும்போது மெஷின் முக்கி முனகி, பட்டியலைக் காட்ட ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. பிறகு திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. பிழைகள் உள்ளன, திருத்தவா, ஆமா இல்லையா என்று கேட்டது. மகள் 'இல்லை'யை அழுத்திவிட்டுக் குடையை எடுத்தாள்.

பழைய கம்ப்யூட்டர் பார்க்கிற மெக்கானிக் அந்த ஊருக்கு ஒரே ஆள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. 'தொடாதே' என்றுதான் ஊரே அழைத்தது. எந்த வீட்டுக்குள் காலை வைத்தாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை அதுதான். வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "தொடாதீங்க, யாரும் தொடாதீங்க" என்றார்.

"நாங்க தொடலைண்ணே. நீங்கதான் தொடணும்."

"நானும் தொட மாட்டேன்மா. முதல்ல பாக்கறேன்."

ஒன்றரை மணி நேரம் பார்த்தார். எதையும் எழுதாமல், எதையும் திருத்தாமல், சும்மா படித்துக்கொண்டே போனார். அம்மா டீயும் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். முட்டையைக்கூட அவர் கைதுடைத்துவிட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டார். பிறகு நாற்காலியைத் திருப்பிப்போட்டு, சுவரில் இருந்த துணி அலமாரியைக் காட்டினார். தரையிலிருந்து கூரை வரை சதுரம் சதுரமாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை, ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு.

"அக்கா, இந்த மெஷினுக்குள்ள இருக்கற டிஸ்க்கும் இதே மாதிரிதான். ஒரு சட்டை வந்தாலும் ஒரு அறை, இருபது சட்டை வந்தாலும் ஒரு அறை. ஆள் வந்து கேட்டா என்ன பண்ணுவீங்க? சீட்டுல எத்தனை உருப்படின்னு பாத்து, அதை மட்டும் எடுத்துக் குடுப்பீங்க."

"ஆமா."

"இதை எழுதினவன் ஒரு தப்பு பண்ணி வச்சிருக்கான். அலமாரி கிட்டத்தட்ட முழுசும் நிரம்பிட்டா இதுக்கு எண்ணத் தெரியலை. உருப்படிக் கணக்கைப் பாக்காம, அறையில கிடக்கற எல்லாத்தையும் வழிச்சுக் குடுத்துடுது. உங்க கடிதத்தோட, அதே அறையில முன்னாடி கிடந்த பழைய துணியையும் சேத்து."

"பழைய துணின்னா?" என்றாள் மகள்.

"யாரோ அழிச்சதும்மா. அழிக்கறதுன்னா சீட்டைக் கிழிக்கறது, அவ்வளவுதான். துணி அங்கேயேதான் கிடக்கும். அடுத்த மூட்டையைக் கொண்டுவந்து வைக்கும்போது, வச்ச அளவுக்குப் பழசு போயிடும், மிச்சம் அப்படியே இருக்கும். இந்த மெஷின் விட்ட இடத்துல இருந்தே அடுத்த காலி அறையைத் தேடிக்கிட்டுப் போற ரகம். அக்கா எழுதி எழுதி, டிஸ்க் முழுக்க ஒரு சுத்து வந்து, இப்போதான் அந்த இடத்துக்கு வந்திருக்காங்க."

முன்னறையில் யாரோ மணியைத் தட்டினார்கள். யாரும் போகவில்லை.

"அப்போ அவர் பேசலையா?" என்றாள் அம்மா கடைசியில்.

மெக்கானிக் குவளையைத் தரையில் வைத்தார். "அவர் எழுதினதுதான்கா. ஆனா இப்போ எழுதினது இல்லை. சீட்டுக் கிழிச்ச தடம் பட்டியல்ல இன்னும் இருக்கு. பேர் போயிடுச்சு, நீளம் தெரியுது. பதினோரு அறை. பெரிய கடிதம். ஒன்பது அறை மேல நீங்க எழுதிட்டீங்க, ஒன்பதுலயும் அவர் வால் மட்டும் மிச்சம். பத்தாவதும் பதினொண்ணாவதும் முழுசாத் தொடாம இருக்கு. கடிதத்தோட முடிவு அதுலதான் இருக்கணும். யார் அழிச்சது இதை?"

"நான்தான்" என்றாள் அம்மா.

மகள் கையில் இருந்த விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது.

"அன்னிக்குக் காலையில தட்டி வச்சிருந்தாரு. மூணு நாளாவே யாரும் பாக்காதப்போ தட்டிக்கிட்டே இருந்தாரு. நான் கேக்கலை. அவர் வெளிய வண்டியில மூட்டை கட்டிக்கிட்டு இருந்தாரு, நான் வந்து திறந்தேன். முதல் வரியே, நான் போறேன். கப்பல்ல சலவை வேலை, ரெண்டு வருஷம். அடுத்த வரி நான் படிக்கலை தம்பி. எனக்கு வந்த ஆத்திரத்துல கண்ணு தெரியலை. போறவன் போன்னு அழிச்சிட்டேன். பத்து வரி இருக்கும்னு நினைச்சேன். பதினோரு அறைங்கறீங்களே."

"அப்புறம்?"

"உள்ள வந்தாரு. கயிறு எடுக்கன்னு வந்தாரு. மெஷினைப் பாத்தாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. நான் திரும்பிப் பாக்கலை, தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். போயிட்டாரு."

"லெட்டரா?" என்றாள் மகள். "அப்பா லெட்டர் எழுதி வச்சாரா? பதினோரு வருஷமா நான் ஆத்தைத் திட்டிக்கிட்டு இருக்கேன். அந்தப் பாலத்து மேல போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கறேன். நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

"என்னன்னுடி சொல்லுவேன்? உங்கப்பா ஓடிட்டாருன்னா? இல்ல செத்துட்டாருன்னா? எனக்கே தெரியாததை உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அந்த லெட்டரைப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல!"

"ஆமாடி! அதைத்தானே நான் பதினோரு வருஷமா நினைச்சு நினைச்சுச் சாகறேன்!"

அந்த வீட்டுச் சண்டை முதல் தடவையாகச் சத்தம் போட்டது. விரிப்பு வாங்க வந்து முன்னறையில் நின்ற லாட்ஜ்காரர், வாங்காமலே குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மகள் தண்ணீர் எடுத்து வந்தாள். கொடுத்தாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தாள், ஆனாலும் முதுகைத் தடவிவிட்டாள்.

மெக்கானிக் விஷயத்தை உடைத்தே சொன்னார். தப்பைத் திருத்துவது பெரிய வேலை இல்லை, அரை மணி நேரம். ஆனால் திருத்தாவிட்டால் இன்னும் நாலைந்து கடிதத்தில் டிஸ்க் நிரம்பும், வைக்க இடமில்லாமல் முதல் அறையில் கொண்டுபோய் எழுதும், அங்கேதான் மொத்தப் பட்டியலும் இருக்கிறது, பதினோரு வருஷமும் சீட்டில்லாத குப்பை மூட்டையாகிவிடும். அவசரப்பட்டு இதன் மேலேயே திருத்தினாலும் ஆபத்து, திருத்துகிற புரோகிராமே காலி என்று நினைத்து அந்த இரண்டு அறையையும் துடைத்துப் போட்டுவிடும்.

"அதான் முதல்ல நகல். டிஸ்க்கை அறை விடாம அப்படியே படி எடுத்துட்டு, வைத்தியத்தை நகலுக்குப் பண்ணணும். மூலத்தைத் தொடவே கூடாது. நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வாத்தியாரோட மெஷின் இப்படித்தான் கேட்டுச்சு, திருத்தவான்னு. ஆமான்னு அழுத்தினேன். சுத்தமாத் திருத்திக் குடுத்துச்சு. அவர் பன்னெண்டு வருஷமா எழுதினது, ஒரு எழுத்து இல்லை. அந்த ஆள் என்னைத் திட்டக்கூட இல்லைக்கா. டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சாரு."

அவர் கொண்டுவந்த ஒயரின் முனை அந்தப் பெட்டிக்குப் பொருந்தவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் இந்த மழையில், இந்த வயதில், ஒரு குலுக்கலுக்கு டிஸ்க் தாங்காது. பொருத்தமான ஒயர் அவர் கிடங்கில் எங்கோ இருக்கிறது, தேடி எடுத்து மறுநாள் காலை வருவதாகச் சொன்னார். மெஷினை அணைத்தார். ஸ்விட்ச் மேல் ஒரு காகிதத்தை ஒட்டினார். அதில் என்ன எழுதினார் என்று சொல்லவும் வேண்டுமா?

"அக்கா, இது ஒரே ஒரு நாள். இதைப் போடக் கூடாது. முக்கியமா எழுதக் கூடாது. நீங்க இன்னொண்ணு எழுதினா அது நேரா அந்தப் பத்தாவது அறையிலதான் போய் உக்காரும்."

"எழுதினாத்தானே தம்பி அவர் பேசறாரு."

"அவர் பேசலைக்கா."

"சரி" என்றாள் அம்மா. அந்த 'சரி' மகளுக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் கொடியில் நாற்பது விரிப்புகள் ஈரமாகத் தொங்கின, அதைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மழை சற்று ஓய்ந்தது. அரைகுறையாகக் காய்ந்த விரிப்புகளைத் தேய்த்தே உலர்த்தி, அடுக்கி, மூன்று சக்கர வண்டியில் கட்டி மகள்தான் லாட்ஜுக்கு மிதித்தாள். பாலத்தில் இந்த முறை கண்ணை மூடவில்லை. கலங்கிய தண்ணீர் தூண்களைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தாள். இத்தனை வருஷம் திட்டியதற்கு ஆற்றிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. லாட்ஜ்காரர் முந்தின நாள் சண்டையை முகத்தில் தேடிக்கொண்டே விரிப்புகளை எண்ணினார். திரும்பி வந்தபோது மெக்கானிக் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், தோளில் ஒயர் சுருள்.

உள்ளே ஸ்விட்ச் மேல் காகிதம் இல்லை.

அது மடித்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. பெட்டியின் மேல் மகள் கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இல்லை, ரயிலை வழியனுப்பிவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"அம்மா, என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை. சொல்லிட்டு வந்தேன்."

"என்ன சொன்னே?"

"இன்னிக்கு இதைச் சரி பண்ணப் போறாங்க, அப்புறம் உங்களால பேச முடியாது, பாக்கி என்ன இருக்கோ அதைச் சீக்கிரம் சொல்லிடுங்கன்னு. சொல்லாமத் திடுதிப்புன்னு அடைச்சா நல்லா இருக்குமா?"

மெக்கானிக் கதவு நிலையிலேயே நின்றார். அவருக்குக் கோபம் வந்தது, அது முகத்தில் தெரிந்தது. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். "எவ்வளவு எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம் நிறைய. பதினோரு வருஷத்துல எழுதினதுலேயே அதுதான் பெருசு."

"மறுபடி திறந்து பாத்தீங்களா?"

"இல்லை. பயமா இருந்துச்சு. இவளும் இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

நகல் எடுக்க நாலு மணி நேரம் பிடித்தது. அவர் தன் சிறிய மெஷினை மேஜை மேல் வைத்து, நடுவில் ஒரு பெட்டியை மாட்டினார். படிக்க விடும், எழுத விடாது, ஒருவழிக் கதவு என்றார். டிஸ்க் ஒவ்வோர் அறையையும் படிக்கும்போது கடக் கடக் என்று ஒரு சத்தம் போட்டது. சில இடங்களில் திணறியது, மூன்று தடவை, நாலு தடவை முயன்றது. அப்போதெல்லாம் மெக்கானிக் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற ஆள்போல நின்றார். மகள் கொதிகலனுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கடைக்கு வந்தவர்களிடம் அம்மாவே போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டாள், துணியை எண்ணிப் போட்டாள், ஒரு பொத்தான் அறுந்ததைச் சுட்டிக்காட்டி எழுதிக்கொண்டாள். மதியம் மூன்று பேரும் நின்றபடியே சோறு சாப்பிட்டார்கள்.

நகல் முடிந்ததும் அவர் மூலத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு நகலைத் திறந்தார். ஒன்பது கடிதங்களின் வாலையும் வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தினார். இடையில் போன இடத்துக்கு எல்லாம் கோடு போட்டார். "நீயே படிம்மா" என்றார் மகளிடம். மகள் படித்தாள்.

"ன்னு சொன்னா நீ அழுவே. அதான் தட்டறேன். மழை விடட்டும்னு பாத்தேன், விடலை. அப்புறம் கோடு. கொதிகலன் முன்னாடி நின்னு நின்னு உனக்கு இருமல் வந்துடுச்சு. ராத்திரி நீ இருமறது எனக்குத் தெரியும், தூங்கற மாதிரி படுத்திருப்பேன். கோடு. ரெண்டு வருஷம் போனா ஒரு நல்ல மெஷின் வாங்கிடலாம், நீ நெருப்புப் பக்கம் போக வேண்டாம். கோடு. பாப்பாவுக்கு இப்போ சொல்ல வேண்டாம். கோடு. உன் தம்பியைப் பத்தி எழுதினதெல்லாம் கோபத்துல எழுதினது. கோடு. மனசுல வச்சுக்காதே. கோடு. எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும். கோடு. போகவும் மனசு இல்லை. கோடு. போகாம இருக்கவும் வழி தெரியலை. கோடு."

அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எழுதியவர் யார் என்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை. பயமும் போய்விட்டது, மகளுக்கு அப்பா திரும்ப வந்து மூட்டை மேல் உட்கார்ந்து பேசுவதுபோல்தான் இருந்தது. அது பயத்தைவிட மோசமாக இருந்தது.

"பத்தாவது?" என்றாள் அம்மா.

மெக்கானிக் தலையை ஆட்டினார். பத்தாவது அறை முழுக்க அம்மாவின் காலைக் கடிதம். ஓர் எழுத்துக்குக்கூட அதில் மிச்சம் இல்லை. பத்தாமல் பதினொன்றாவதிலும் போய் வழிந்திருந்தது. அதை அவர் திறந்தார். திரையில் கீழே வரை அம்மாவின் வரிகள். 'நான் உங்களை அப்படி நினைச்சிருக்கக் கூடாது. நான் முழுசும் படிச்சிருக்கணும். இவங்க இப்போ வந்துடுவாங்க. என்கிட்ட என்ன சொல்ல வந்தீங்களோ அதைச் சீக்கிரம் சொல்லிடுங்க.' அதை ஒட்டி, இடைவெளி இல்லாமல், அப்பாவின் கடிதத்தில் எஞ்சிய கடைசி வரி.

'அதை மட்டும் நீ சொல்லிடு. நான் நின்னுடறேன்.'

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடிதம் அங்கேதான் முடிந்திருந்தது.

பின்னறையில் விரிப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எதை?" என்றாள் அம்மா. "எதைச் சொல்லச் சொல்றாரு?"

"அது இதுக்கு முன்னாடி இருந்திருக்கும்கா" என்றார் மெக்கானிக். "பத்தாவதுல இல்லைன்னா, பதினொண்ணோட மேல்பாதியில."

"அங்க இப்போ என்ன இருக்கு?"

அம்மாவே குனிந்து திரையைப் பார்த்தாள். தான் எழுதியதை, விரலால் தொட்டுத் தொட்டு, கடைசி வரை படித்தாள். நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு உள்ள வந்தாரு" என்றாள். "மெஷினைப் பாத்தாரு. அழிஞ்சிருந்துச்சு. அப்போ நான் முழுசும் படிச்சிட்டேன்னுதானே அவர் நினைச்சிருப்பாரு? படிச்சிட்டுத்தான் வாயைத் திறக்காம நிக்கறேன்னு நினைச்சிருப்பாரு. கயிறு எடுக்க அவ்வளவு நேரம் ஆகாதுடி. நான் சொல்லட்டும்னு நின்னிருக்காரு."

மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து நிலையமா, ஆறா என்பது இனி ஒரு பொருட்டாகவே இல்லை. எங்கே போயிருந்தாலும் அவர் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான். நகலில் அந்தத் தப்பைத் திருத்தினார், இரண்டு தடவை சோதித்தார், பதினோரு வருஷக் கடிதங்களும் சீட்டோடு இருக்கின்றனவா என்று எண்ணினார். எல்லாம் இருந்தன. மூல டிஸ்க்கைத் துணியில் சுற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, திருத்திய நகலை மெஷினில் பூட்டினார். கூலி என்று மகள் வாயெடுத்ததும் கையை வீசினார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. எழுதினா எழுதின இடத்தோட நிக்குதான்னு பாக்கணும். அக்கா, ஏதாவது ஒரு வார்த்தை தட்டுங்க."

அம்மா உட்கார்ந்தாள். கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். மழை மறுபடி பிடித்தது. முன்னறையில் யாரோ மணியைத் தட்டிவிட்டு, "யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள். ஒரே ஒரு வார்த்தை. மூடினாள். பிறகு மறுபடி திறந்தாள்.

'போகாதீங்க' என்று இருந்தது.

மூன்று பேரும் அதற்குக் கீழே பார்த்தார்கள். திரை வெறும் கறுப்பாக இருந்தது. அம்மா காத்திருந்தாள்.

"சரியாயிடுச்சுக்கா" என்றார் மெக்கானிக்.